வளைவில் சாயாத கார்

திண்டிவனத்தில் பல் மருத்துவம் பார்க்கும் ஒரு பெண், நாற்பது வயது தாண்டிய பிறகு, மேல்மூடி இல்லாத சிவப்பு நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. அந்த ஆராய்ச்சியை நான் முடித்துவிட்டேன். கார் வந்த முதல் வாரம் என் கிளினிக்குக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பல்வலியே இல்லை. வாயைத் திறந்து காட்டிவிட்டு வாசலில் நிற்கும் காரைப் பற்றி விசாரித்தார்கள். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கும் கேள்விகூட எனக்குப் புரிந்துவிடும். என் தொழிலில் கிடைத்த ஒரே அபூர்வ சக்தி அது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சார் வாங்கினாரா?"

சார் என்பது என் கணவர். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒருமுறை கற்றுக்கொள்ளப் போய், பயிற்சிப் பள்ளியின் காரை ஒரு மாவு மில்லின் சுவரில் நிறுத்தினார். சுவர் ஓரமாக இல்லை, சுவரில். அதற்குப் பிறகு தியரி தெரிந்தால் போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அந்த முடிவின் பலனை, பக்கத்து இருக்கையில் அவரை வைத்துக்கொண்டு, பல வருடங்களாக நான் அனுபவித்துவருகிறேன்.

காரைப் புதுச்சேரியில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். இங்கிலாந்தில் செய்தது. நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், இரண்டே இருக்கை. எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. உடம்பில் வரும் கோளாறுகளிலும் பெரிய வித்தியாசமில்லை என்பது பிறகு தெரிந்தது. பெரியவருக்குக் கண்ணில் புரை விழுந்து ஓட்ட முடியாமல் போயிருந்தது. சாவியைக் கொடுக்கும்போது பானட்டைத் தடவிக்கொண்டே, "இவளுக்கு வளைவுன்னா புடிக்காதும்மா, பாத்துப் போங்க" என்றார். வயதானவரின் கவித்துவம் என்று நினைத்து மனம் நெகிழ்ந்தேன். அது தொழில்நுட்ப அறிக்கை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நேர் ரோட்டில் அந்தக் காருக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு வழிச் சாலையில் மகாராணி மாதிரி போகும். திருப்பம் வந்தால்தான் அதன் குணம் தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் உடம்பு வெளிப்பக்கமாகச் சாயும். சாய்ந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் யோசிக்கும். அப்புறம் மனமில்லாமல் நிமிர்ந்து, நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் சாயும். என் கணவர் ஒவ்வொரு முறையும் கதவைப் பிடித்துக்கொண்டு, இதற்குப் பெயர் மையவிலக்கு விசை இல்லை, அப்படி ஒரு விசையே உண்மையில் கிடையாது என்று விளக்குவார். இல்லாத விசை அவரைக் கதவோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருக்கும்போதும் விளக்குவார்.

கிளியனூர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அது எல்லை மீறியது. புதுச்சேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒன்றும் பெரிய வேகமில்லை. எங்களை ஒரு டவுன் பஸ் அதற்குச் சற்று முன்புதான் முந்திப் போயிருந்தது. ஊரைத் தாண்டி ஒரு வளைவில் நுழைந்து, எதிரே ஒரு மாடு நிற்பதைப் பார்த்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். சாய்ந்திருந்த கார் சட்டென்று மறுபக்கம் சாய்ந்தது. பின்பக்கம் முன்பக்கத்தை முந்திப்போகப் பார்த்தது. மாடு அசையவில்லை. நாங்கள் பாதி சுற்றி, ரோட்டோரத்தில் ஒரு தார்ப்பாயின் மேல் போய் நின்றோம். தார்ப்பாயில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போட்டிருந்தது.

அடி எதுவும் இல்லை. என் கைதான் ஸ்டியரிங்கை விட மறுத்தது. மல்லாட்டைக்காரம்மா மரத்தடியிலிருந்து எழுந்து நிதானமாக வந்தார். காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார்.

"எம்மா, டிரைவரு எங்க, ஓடிப்பூட்டானா?"

நான்தான் ஓட்டினேன் என்றேன். அவர் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. பிறகு சிதறின மல்லாட்டையைக் கையால் காட்டினார். நானும் என் கணவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினோம். என் கணவர் பொறுக்கிக்கொண்டே, டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலுள்ள உராய்வைவிடத் திருப்பத்துக்குத் தேவையான விசை அதிகமானால் என்ன ஆகும் என்று அந்த அம்மாவுக்கு விளக்கினார். அவர் முழுவதும் கேட்டார்.

"வெசையோ கிசையோ சார், அந்தாண்ட முள்ளு ஓரமா கெடக்குது பாருங்க, அதையும் அள்ளிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு, என் கணவர் ஒரு காகிதத்தில் சமன்பாடு எழுதிக் காட்டினார். வேகத்தைக் குறைத்தால் போதும், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும், அதற்கு ஒரு செலவும் இல்லை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் வேகத்தைக் குறைத்தால் காரைத் தள்ளிக்கொண்டு போவதற்கும் ஓட்டிக்கொண்டு போவதற்கும் வித்தியாசமே இருக்காது என்று சொல்லிவிட்டு, காருக்கு அடியில் படுத்தேன்.

இருபது வருடங்களாக மற்றவர்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்தவளுக்குக் காரின் அடிப்பகுதி புரியாமல் போகாது. அங்கேயும் அதே கதைதான். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் என்ற பெயரில் எண்ணெய் அடைத்த இரண்டு பழைய இரும்புப் பெட்டிகள், அவற்றிலிருந்து நீளும் ஆளுக்கொரு கை. எண்ணெய் எந்தக் காலத்திலோ ஒழுகிப் போயிருந்தது. கை மட்டும் பழைய ஞாபகத்தில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. பின்பக்கம், மாட்டுவண்டிக்குப் போடுவதுபோல் அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங். அது தளர்ந்து, வளைய வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் வளைந்திருந்தது. மூட்டுகளில் இருந்த ரப்பர் புஷ்களை விரலால் தொட்டேன். நாள்பட்ட முறுக்கு மாதிரி உதிர்ந்தன.

பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். சஸ்பென்ஷனை மாற்றலாம் என்று இருக்கிறேன், புதுவகை ஷாக் அப்சார்பர் போடலாமா என்று அதில் கேட்டேன். கோயில் கருவறைக்குள் ஏசி வைக்கலாமா என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு கலவரம் வந்திருக்காது. ஒரிஜினலை மாற்றுவது பாவம் என்றார் ஒருவர். கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே வைத்திருப்பதுதான் அந்தக் காருக்குச் செய்யும் மரியாதை என்றார் இன்னொருவர். இவர்களுடைய கார்கள் எல்லாம் ஒரிஜினல்தான். ஒரிஜினலாகத் துணி போர்த்தி, ஒரிஜினலாக ஷெட்டில் நிற்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், இறக்கி, துடைத்து, போட்டோ எடுத்து, மறுபடி லாரியில் ஏற்றுவார்கள். லாரியின் சஸ்பென்ஷன் நன்றாக இருந்தால் அவர்களுக்குப் போதும். நான் ஒரே ஒரு பதில் போட்டேன்: சொத்தைப் பல்லோடு வருகிறவரிடம் இது ஒரிஜினல், கைவைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினால் என் கிளினிக் நடக்காது. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் குழுவை விட்டு வெளியேறினார்.

நான் ஆர்டர் செய்த சாமான்கள் கடல் தாண்டி வந்து சேர்ந்தன. முன்பக்கத்துக்குச் சற்றே குட்டையான, கெட்டியான சுருள் ஸ்பிரிங். எண்ணெய்ப் பெட்டிக்குப் பதிலாகக் குழாய் வடிவ ஷாக் அப்சார்பர். கார் ஒருபக்கமாகச் சாய்வதைத் தடுக்க இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் தடித்த கம்பி. பின்னால் புதிய பட்டை ஸ்பிரிங். நீல நிறத்தில் கெட்டியான புஷ்கள். பெட்டியைப் பிரித்தபோது என் கணவர் ஒரு புஷ்ஷை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதற்கா இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்றார்.

திண்டிவனத்து மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் மட்டும் தைரியமாக, டீசல் இன்ஜின் மாற்றித் தருவதாகச் சொன்னார். மைலேஜ் நல்லா வருமாம். கடைசியில் விழுப்புரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பைச் சொன்னார்கள். அதை நடத்துகிறவர் வளைகுடா நாட்டில் பந்தயக் கார்களுக்கு வேலை பார்த்தவராம். அவர் வாயாலேயே அதை மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் கார்களின் வேகம் கூடிக்கொண்டே போனது. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிரீஸ் வேலை பார்த்தார். சட்டையில் கறை படாது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் கை அவ்வளவு சுத்தம்.

அவருக்கு ஒரே ஒரு குறைதான். நான் பேசுவது அவர் காதில் விழும், என் முகம் மட்டும் கண்ணில் படாது. முன்பக்கம் எவ்வளவு உயரம் குறையும் என்று நான் கேட்டேன்.

"ரெண்டு வெரக்கடை எறங்கும் சார்" என்று என் கணவரிடம் சொன்னார்.

ஸ்டியரிங் கனமாகிவிடுமா என்று கேட்டேன். "லேசா இருக்கும் சார், பழகிடும் உங்களுக்கு" என்றார், சுவரில் கார் நிறுத்தியவரிடம். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புவியீர்ப்பு மையம் இறங்கினால் நல்லதுதான் என்று தன் பங்குக்கு ஒன்று சொன்னார். மெக்கானிக்குக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சாருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்றார். இருவரும் டீ குடிக்கப் போனார்கள். நான் காரோடு நின்றேன். எங்கள் மூன்று பேரில் அந்தக் காரை ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்தது என்று போன் வந்தது. எனக்கு இல்லை, சாருக்கு. போய்ப் பார்த்தபோது கார் மூக்கைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. முட்டையிட இடம் தேடும் கோழி அப்படித்தான் நிற்கும். புதுப் பட்டை கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும், ஓட்ட ஓட்ட இறங்கிவிடும் என்று மெக்கானிக் என் கணவரிடம் சொன்னார். நான் ஓட்டினேன். இறங்கவில்லை. விழுப்புரத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பாலத்து இணைப்பு ஒவ்வொன்றிலும் பின்பக்கம் துள்ளித் தனியாகக் கீழே வந்தது. இருக்கையிலிருந்து நாங்களும் தனித்தனியாகக் கீழே வந்தோம். ஒரு லேசான திருப்பத்தில் பின்சக்கரம் ரோட்டை விட்டு எழும்பி, வேறு இடத்தில் இறங்கியது. கிளியனூரிலாவது கார் சாய்ந்து எச்சரிக்கை கொடுத்தது. இப்போது அதுவும் இல்லை.

கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு இளநீர்க் கடையோரம் நிறுத்தினேன். ஏன் இப்படி ஆச்சு என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். என் கணவர் இளநீரை ரொம்ப நேரம் உறிஞ்சினார். காலியான இளநீரையும் உறிஞ்சினார்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது" என்றார்.

மெக்கானிக் நடுவில் அவருக்குப் போன் செய்திருக்கிறார். நம்ம ரோட்டுக்கு அந்த வெளிநாட்டுப் பட்டை தாங்காது, லாரிப் பட்டை அடிக்கிற இடத்தில் சொல்லி இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு பட்டை சேர்த்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். சாரும் யோசித்து, பலமாக இருந்தால் நல்லதுதானே என்று அனுமதி கொடுத்திருக்கிறார். என்னிடம் கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. கிளினிக் நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான் காரணமாம்.

நான் கோபப்படவில்லை. கோபப்படக் கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. இனி ஒருநாள் உங்கள் பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்று உங்கள் ஹெட்மாஸ்டரிடம் போன் பண்ணிக் கேட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மீதி வழி முழுக்க அவர் தன் பற்களை நாக்கால் தடவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு விழுப்புரம் போனேன். வாய்க்குள் பார்க்கத் தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கையும் எடுத்துக்கொண்டேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டி, அந்த விளக்கோடு காருக்கு அடியில் போனேன். ஒர்க் ஷாப்பில் சத்தம் நின்றது. பக்கத்துக் கடையிலிருந்தும் வந்து நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்; எனக்குத் தெரிந்தது செருப்புகள் மட்டும்தான். கூடுதல் பட்டை பளபளவென்று தெரிந்தது. சரக்கு லாரியே வெட்கப்படும் கனம். வெளியே வந்தபோது மெக்கானிக் என் கணவரைத் தேடினார். அவரை நான் கூட்டிக்கொண்டு வரவில்லை.

"சார் வரலீங்களா?" என்றார்.

"வண்டி என்னுது. ஓட்டறது நான். இனிமே எங்கிட்ட பேசுங்க. பின்னாடி சேத்த பட்டையைக் கழட்டிடுங்க."

அவர் ஸ்பேனர்களைப் பார்த்தார். "நம்ம ரோடு பேஜாரு ரோடு மேடம். அதான் சார்கிட்ட கேட்டுக்கினு செஞ்சேன்" என்றார். தலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அது நேராக அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்ததாம். அதனாலோ என்னவோ, முதல்முறையாக என் பக்கம் பார்த்தார்.

"சார் தப்பா எதுவும் நெனைக்க மாட்டாருல்ல?"

"அவர் நெனைக்கிறதை எல்லாம் நெனைச்சு முடிச்சுட்டார்" என்றேன்.

இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எடுத்த முடிவு மோசமாக இருந்தாலும் வேலை சுத்தம். பட்டையைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தையும் ஒருமுறை சோதித்தபோது, சட்டத்தில் ஷாக் அப்சார்பர் உட்காரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்ததைப் பார்த்தார். அதை நானும் பார்க்கவில்லை, முதல் தடவை அவரும் பார்க்கவில்லை. அங்கே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தார். நான் கேட்கிற கேள்விக்கு முதல் நாள் டூல் பாக்ஸைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டாம் நாள் என் காதைப் பார்த்துச் சொன்னார். சாயங்காலத்துக்குள் முகத்துக்கு வந்துவிட்டார். வளைகுடா நாட்டில் தான் பந்தயக் கார்களைக் கழுவத்தான் செய்தேன், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று தானாகவே சொன்னார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கக் காணை ரோட்டில் போனோம். இரண்டு பக்கமும் கரும்பு. பெண் ஓட்டப் பக்கத்தில் உட்கார்வது அவருக்கு இதுதான் முதல் தடவை போலிருக்கிறது. கோயில் சப்பரத்தில் ஏற்றிவிட்ட மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் திரும்பியது. இந்த இரண்டு சொல் வாக்கியத்துக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியாது. சாயவில்லை, யோசிக்கவில்லை. நான் எங்கே பார்த்தேனோ அங்கே போனது. அடுத்த வளைவில் கொஞ்சம் அதிக வேகத்தில் போனேன். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். வாழ்க்கையில் பல பெரிய தருணங்களில் வராத கண்ணீர், ஒரு கம்பியும் நாலு ஸ்பிரிங்கும் சரியாக உட்கார்ந்ததற்கு வந்தது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

"ஜல்தியா போனாலும் ஆட்டமே இல்லியே மேடம்" என்றார் அவர், டாஷ்போர்டை விடாமல்.

அந்தச் சந்தோஷம் அடுத்த வேகத்தடை வரைக்கும் நீடித்தது. வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை. தார் மீந்துபோன அன்றைக்கு யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தாழ்ந்துவிட்ட கார் அதன் மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மரத்துப்போகும் ஊசி போடாமல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் மனிதர்கள் போடுவது கிட்டத்தட்ட அதுதான். வெளிநாட்டில் இந்த ஸ்பிரிங்கைச் செய்தவர்கள் நம்முடைய வேகத்தடையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஸ்பிரிங் செய்வதை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள். திரும்பிப் போய் முன்னும் பின்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தோம். வளைவில் துளி கூர்மை குறைந்தது. வயிறு தப்பித்தது. நம்ம ரோடு பேஜாரு என்று மெக்கானிக் சொன்னதில் ஒரு பாதி உண்மைதான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பெருந்தன்மையாக மறுபாதியைக் கேட்கவில்லை.

என் கணவர் மட்டும் சமாதானம் ஆகவில்லை. எல்லாக் குலுக்கலும் முதுகுத்தண்டில் வந்து முடிகிறது என்றார். நேராகப் போகும்போது பழைய சஸ்பென்ஷனே சுகம் என்றார். நம் வாழ்க்கையில் தொண்ணூறு சதவீதம் நேராகத்தானே போகிறோம் என்று கேட்டார். அவருடன் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். பஸ்ஸில் போகலாம் என்றார். பட்டுப்புடவை கட்டி, தலைமுடி கலையாமல் இருக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு, நான் காரை எடுத்தேன். கழுத்துக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு அவர் ஏறினார்.

காலை எட்டு மணி வெயில். எதிரே கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று வளைவில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்கி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. அந்த வளைவில்தான் அதை முந்த வேண்டும் என்று ஒரு பைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. பின்னால் மனைவி, இருவருக்கும் நடுவில் குழந்தை. டிராக்டருக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டு நேராக என் முன்னால் வந்தார். நான் இடது பக்கம் ஒடித்தேன். கார் மண்ணோரத்துக்கு இறங்கியது. அங்கே எதிரில் சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவர். பைக் என் கதவை உரசாத குறையாகத் தாண்டியதும் வலது பக்கம் ஒடித்தேன். கார் இடதுக்குச் சொன்னதும் இடது, வலதுக்குச் சொன்னதும் வலது என்று வந்து, சுவரைத் தாண்டி, ரோட்டில் ஏறி, ஒன்றும் நடக்காத மாதிரி நேராகப் போனது. பழைய கார் என்றால் அந்த முதல் ஒடிப்பிலேயே சாய்ந்து யோசிக்கத் தொடங்கியிருக்கும். அது யோசித்து முடிக்கும்போது பைக்கில் இருந்த மூன்று பேரும் எங்கே இருந்திருப்பார்கள் என்று நினைக்க எனக்கு இப்போதும் விருப்பமில்லை.

கொஞ்ச தூரம் போய் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். பைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பு பறக்க அந்தக் குடும்பம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் தலையணையைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்தார். அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஏதாவது சமன்பாடு வரும் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தலை சுத்துது" என்றார். "வண்டி சுத்தல."

எங்கள் திருமண வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டிச் சொன்னவற்றில் இதுதான் மிக நீளமானது. அவர் கை என் கைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, விருந்தில் முதல் பந்தி முடிந்துவிடும் என்று ஞாபகப்படுத்தினார்.

அதற்கப்புறம் புதுச்சேரியில் பழைய கார்கள் கூடும் நிகழ்ச்சி ஒன்று வந்தது. போனோம். வாட்ஸ்அப் குழுவின் ஒரிஜினல் மனிதர்கள் எல்லோரும் லாரிகளோடு வந்திருந்தார்கள். நடுவராக வந்தவர் தொப்பி போட்டிருந்தார். கையில் சின்ன டார்ச். என் காருக்கு அடியில் குனிந்து பார்த்தவர், நீல நிற புஷ்களைக் கண்டதும், கல்யாண வீட்டில் கறிவேப்பிலைக்குப் பதில் கம்பளிப்பூச்சியைப் பார்த்தவர் மாதிரி நிமிர்ந்தார். இதைப் போட்டியில் சேர்க்க முடியாது, பார்வைக்கு வேண்டுமானால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்றார். ஓரம் நிழலாக இருந்தது. நிறுத்திக்கொண்டேன். போட்டியில் இருந்த ஒரிஜினல்கள் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று வரிசையில் நகர மறுத்ததால் நாலு பேர் மரியாதையோடு தள்ளினார்கள்.

நடுவர் போகும்போது ஆர்வம் தாங்காமல் திரும்பி என் கணவரிடம் கேட்டார். இதை மாற்றின பிறகு வளைவில் எப்படிப் போகிறது, சார்?

என் கணவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். இப்போது ஒரு வகுப்பு தொடங்கும் என்று நான் நினைத்தேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. நான் உக்காந்துக்கினு வர்ற ஆளு. அவங்களைக் கேளுங்க" என்றார்.

நடுவர் என்னைக் கேட்கவில்லை. டார்ச்சை அணைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மெக்கானிக்குக்கே இரண்டு நாள் ஆனது.

பரிசளிப்புக்கு முன்பே கிளம்பிவிட்டோம். மாலையில் கிளினிக்கில் ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் நேரம் இருந்ததால் கடலோரமாக, மரக்காணம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். உப்பளங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போனது. காற்றில் உப்பு. ஒவ்வொரு வளைவாக, ருசித்துச் சாப்பிடுவதுபோல ஓட்டினேன். ஏதோ சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பினால், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதுவும் வளைவில். வாய் நன்றாகத் திறந்திருந்தது; மேல் வெயில் நேராக உள்ளே விழுந்ததால் விளக்குகூடத் தேவைப்படவில்லை. மேல்வரிசையில் இடது கடைவாய்ப் பல்லில் சொத்தை தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை வரச் சொல்ல வேண்டும்.